ஆட்டுக்குச் சீக்கு

"என்ன தங்கச்சி, கெடை போட்டாச்சா? இல்ல, ஆடெல்லாம் உங்களப் பாத்து ஓடிட்டா?"

உரக்கடை சங்கரசுப்பிரமணியன் கேட்டதும் கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆவுடையம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் படியை விட்டு இறங்கவில்லை.

போன மாதம் இதே கடையில் நின்றுதான் சவால் விட்டிருந்தாள்.

"உங்க மண் டானிக்க வாளி வாளியா ஊத்தியும் காடு ஓடு மாதிரி இறுகிக் கெடக்கு. மக்காச்சோளக் கதிர்ல பாதிக்கு மணியே இல்ல. இந்தத் தடவ செம்மறி ஆட்டக் கெடை போட்டு, அந்தப் புழுக்கையிலயே வெளைய வைக்கேன், பாருங்க!"

கிடைக்காரன் வேல்ராஜும் தன் ஆடுகளை இரவில் அவள் காட்டில் அடைக்கச் சம்மதித்திருந்தான். முந்தாநாள் வந்து, "ஆட்டுக்குச் சீக்குக்கா. இந்த வருசம் தோதுப்படாது" என்று தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டான்.

மழைக்கு முன்னால் மண்ணுக்கு ஏதாவது போட்டாக வேண்டும். இந்த வருசமும் விளையாவிட்டால் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

"ஆட்டுக்குச் சீக்காம்லா, கேள்விப்பட்டேன்" என்றார் சங்கரசுப்பிரமணியன். "புழுக்கைய நம்புததெல்லாம் அந்தக் காலம், தங்கச்சி. எனக்கும்தான் மக்காச்சோளக் காடு இருக்கு. நான் என்ன கெடையா போடுதேன்?"

"உங்க காட்டுக்கு நீங்க என்னமும் போடுங்க அண்ணாச்சி. என் மண்ணப் பத்தி எனக்குத் தெரியும். இப்பவும் உங்க டானிக்க நம்பி வரல. வேற வழியில்லாம வந்திருக்கேன். ஒரு வாளி குடுங்க."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல!"

சிரித்துக்கொண்டே ஒரு வாளியின் மூடியைத் திறந்தார். கன்னங்கரேலென்று இருந்த டானிக்கில் கையை விட்டுக் கலக்கி, எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினார்.

"இத ஊத்திப் பாருங்க. மண்ணு பொலபொலன்னு ஆயிரும்."

பக்கத்துக் காட்டுச் சுடலைராஜ் தனக்கும் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டார்.

அப்போது மேஜைமேல் கிடந்த செல்போன் அடித்தது.

"தங்கச்சி, அதக் கொஞ்சம் ஸ்பீக்கர்ல போடுங்க. கை பூரா மருந்து."

எடுத்தாள். திரையில் 'கிடை வேல்ராஜ்' என்றிருந்தது. சங்கரசுப்பிரமணியனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்பீக்கரை அமுக்கினாள்.

ஆடுகள் கத்தும் சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"அண்ணாச்சி, உங்க காட்டுல போட்ட கெடை இன்னையோட முடியுது. இன்னும் ரெண்டு நாள் போடணுமா? ஆவுடையம்மா அக்காட்ட, நீங்க சொல்லச் சொன்ன மாதிரியே ஆட்டுக்குச் சீக்குன்னு சொல்லிட்டேன். பாவம், நம்பிட்டாவ."

சங்கரசுப்பிரமணியன் போனைப் பிடுங்கக் கையை நீட்டினார். கையிலிருந்து டானிக் மேஜையெல்லாம் சொட்டியது.

சுடலைராஜ் தூக்கிய வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

ஆவுடையம்மாள் போனை எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"வேல்ராஜு, நான் ஆவுடையம்மாதான் பேசுதேன். ஆட்டுக்குச் சீக்கு நல்லாயிட்டுல்லா? சாயங்காலமே என் காட்டுக்குப் பத்திட்டு வா. அண்ணாச்சிக்கு இனிமே ஆடு வேண்டாம். அவியதான் கடை நிறைய டானிக் வச்சிருக்காவளே!"