டேலியாவின் கழுத்து

கறுக், கறுக்கென்று ஒரு சத்தம். தோட்டக் கொட்டகையில் நிறைமாத எலி ஒன்று, கூடு கட்டச் சாக்கைக் கிழித்துக்கொண்டிருந்தது. பசியெடுத்ததும் மணல் பெட்டியைக் கிளறியது. ஒரு கிழங்கு அகப்பட்டது.

"கடிச்சிராதக்கா! நான் டேலியா. பனியில அழுகிடுவேன்னு தோட்டக்காரர் தோண்டி வச்சிருக்கார். ஆளுயரம் நின்னு பூத்தவ நான்."

"பூத்தேன்னு பீத்திக்காத கிழங்கு எது? நேத்து உருளைக்கிழங்கும் இதையேதான் சொல்லிச்சு."

"உருளைக்கு உடம்பெல்லாம் முளைக்கண்ணு. எனக்குக் கழுத்துல மட்டும்தான். தொட்டுப் பாரேன்."

எலி மீசையால் தடவியது. கழுத்தில் மிளகளவு முளையொன்று புடைத்திருந்தது. எலியின் வயிற்றில் குட்டிகள் புரண்டன.

"எனக்கும் பசிக்குதேடி," என்றது.

"வால்பக்கம் தின்னுக்கோ. கழுத்து போனா நான் இல்ல."

எலி வாலை மட்டும் தின்றது. முளை மறையும்வரை மணலைத் தள்ளி மூடியது. பிறகு சாக்கைக் கிழிக்கப் போனது.