உருண்டைக்கு மூக்கு

"செல்லுக்கு மூக்காம்! நாகரசம்பட்டி மாந்தோப்புல பொறந்தா வேற என்ன தோணும்?" என்றார் பேராசிரியர் சிவராஜ். பர்கூர்ப் பக்கத்து இன்ஜினியரிங் கல்லூரியில், இரண்டாயிரத்தாறில், அவர் கையெழுத்து இல்லாமல் எந்த புராஜெக்ட்டும் கரை சேராது.

உடம்புச் செல் ஒன்றின் வடிவத்தைக் கொடுத்தால், அது எந்தப் பக்கத்தைத் தன் முன்பக்கமாக வைத்துக்கொள்ளும் என்று மாணவி மோகனப்ரியாவின் புரோகிராம் கணக்குப் போட்டு, அங்கே சிவப்பு காட்டும். அதைத்தான் அவள் மூக்கு என்றாள். மாங்காய் வடிவத்துக்குக் கூரான முனையில் வந்தது. முனையே இல்லாத உருண்டைக்குத் தடவைக்கு ஒரு திசையில் வர வேண்டும். சிவராஜ் இடப்பக்கம் நின்றார், இடப்பக்கம் வந்தது. வலப்பக்கம் நகர்ந்தார், வலப்பக்கம் வந்தது. பத்துத் தடவையும் அப்படித்தான்.

"யாருக்குக் காதுல பூ சுத்துற? நான் நிக்கிற பக்கம் பாத்து பட்டனத் தட்டுற."

"என்டர் மட்டுந்தான் சார் தட்டுறேன்."

"கையெழுத்து கெடையாது. போயி மாங்கா வித்துப் பொழச்சுக்க."

ஆனாலும் அவளை முழுசாக மட்டம் தட்டாமல் விட மனசு வரவில்லை. மானிட்டருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "இப்ப ஓட்டு. எங்க உன் மூக்கு?"

அவள் என்டரைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"காணோம் சார். அந்தப் பக்கம் திரும்பிருச்சு."

"தட்டைப் படத்துக்கு ஏதும்மா அந்தப் பக்கம்?" என்று சிரித்தார்.

மானிட்டரின் சாம்பல் நிற முதுகில், அவர் முகத்துக்கு நேராக, சிவப்பு மெல்ல ஏறிக்கொண்டிருந்தது.