அடியில் தெரியும் நட்சத்திரம்

"வருஷத்துக்குக் கீழ இருக்குற நட்சத்திரத்தைப் பாருங்க," என்று சாய்பிரசாத் நாணயத்தையும் மடக்கு லென்ஸையும் நீட்டினான்.

ஸ்ரீவர்ஷினி நாணயத்தை உற்றுப் பார்த்தாள். "ரெண்டு தெரியுதே."

"அச்சுல மொதல்ல கோணலாக் குத்திட்டாங்க. அதுமேலயே திரும்பக் குத்திருக்காங்க. பழசு முழுசா மறையலை."

"அப்ப இது பழுதுதானே?"

"நான் இதைத்தான் தேடித் தேடி வாங்குறேன்."

கூடத்திலிருந்து அவள் அம்மா குரல் கொடுத்தாள். "பேசி முடிச்சாச்சாடி? மாப்பிள்ளை வீட்டுல பதில் கேக்குறாங்க."

ஸ்ரீவர்ஷினி வளையல்களை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் பச்சை குத்திய தாமரை. அதன் இதழ்களுக்கு அடியில் வேறொருவன் பெயர் மங்கலாகத் தெரிந்தது.

"இதையும் பாத்துட்டுச் சொல்லுங்க," என்று லென்ஸைத் திருப்பிக் கொடுத்தாள்.

அவன் அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நாள் பாக்கச் சொல்லவா?"