இராசமலரின் குரல்

சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. ஆனால் இன்று பொழுது சாய்வதற்குள் காட்டைவிட்டு வெளியே வருகிற போராளிகளுக்குத்தான் மன்னிப்பு. இராசமலர் கண்ணிவெடி எச்சரிக்கை நாடாவைப் பிடித்தபடி மகனைக் கூப்பிட்டாள்.

"குஞ்சன்! அம்மாதானடா வந்திருக்கிறன். சண்டை முடிஞ்சுது, வெளியில வா!"

அவன் வெளியே வரவில்லை. இரண்டு வருடமாக அவளுடைய குரலில்தான் இராணுவத்தின் ட்ரோன்கள் அந்தக் காட்டின்மேல் பறந்து அவனைக் கூப்பிட்டன. அப்படித் தங்கள் தாயின் குரலை நம்பிப் போன கூட்டாளிகள் சுடப்பட்டதை அவன் பார்த்திருக்கிறான்.

"அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிஞ்ச ஏதாவது சொல்லுங்கோ அம்மா," என்றார் சமாதான அலுவலர்.

என்ன இருக்கிறது? செல்லப்பெயர், தாலாட்டு, முட்டைப்பொரியலுக்கு அவன் பிடித்த அடம் எல்லாவற்றையும் குரல் பதிய வந்தவர்களிடம் அவளே சொல்லியிருந்தாள். நிறையச் சொன்னால் மகன் கெதியாக வருவான் என்றார்கள்.

சொல்ல ஒன்றும் மிஞ்சாமல் இராசமலர் ஓவென்று அழுதாள். அந்த அழுகையும் முன்பே பதிவாகியிருந்தது.

புதர்களுக்குள்ளிருந்து மகன் கத்தினான்.

"மெஷினில போட்டு என்ர அம்மாவை அழப்பண்ணாதேங்கோடா!"