சுமனசிறி பேருக்கு ஓர் அர்ச்சனை

“சுமனசிறிங்கிற பேருக்கு அர்ச்சனை பண்ணுங்க சாமி.”

பூரணி தட்டை நீட்டியதும் மாரியம்மன் கோயிலில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் தேர்தல். சுமனசிறியை அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அறியாதவர் இல்லை. சிங்களவர். முன்பு ஹட்டன் பஸ்ஸின் டிரைவர்; தோட்டத்துச் சனங்கள் மரியாதையாக ‘மாத்தயா’, அதாவது ஐயா, என்பார்கள். பிறகு சங்கத் தலைவர், பிரதேச சபை உறுப்பினர். இப்போது பாராளுமன்றத்துக்கு நிற்கிறார். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் வந்த வழியே போகட்டும் என்று மேடைக்கு மேடை முழங்குகிறார். லயத்து வரிசை அறைகளில் வாழும் சனங்களுக்கு வீடு கட்ட ஒரு துண்டுக் காணியும் கொடுக்க விடமாட்டேன் என்று சத்தியமே செய்திருக்கிறார்.

அந்தக் காணிக்காகத்தான் இவர்கள் காத்துக் கிடக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு சும்மா விடவில்லை. “எத்தன மூட்ட அரிசி எறக்குனான்டி ஒன் வீட்டுல? நம்மள வெரட்டுறவனுக்கு நம்ம ஆத்தாகிட்டயே அர்ச்சனையா?”

இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டு, தேங்காயை உடைக்கவே கூடாது என்றார்கள். பூரணி நீட்டிய தட்டைத் திரும்ப எடுக்கவில்லை.

பூசாரி பொன்னையாவுக்குத் தர்மசங்கடம். யார் பேருக்கும் அவர் மாட்டேன் என்று சொன்னதில்லை. நட்சத்திரம் கேட்டார்.

“அவரு நட்சத்திரம் தெரியாதுங்க. எம் மக நட்சத்திரத்தச் சொல்லுங்க, ரோகிணி. அவரு இல்லாட்டி அவளும் இல்ல.”

பிறகு மெல்லச் சொன்னாள். அடைமழையில் பிரசவ வலியோடு அவள் ரோட்டோரம் துடித்த அன்று தோட்டத்து லொறி வரவில்லை. அந்த வழியாக வந்த சுமனசிறிதான் பஸ்ஸில் இருந்தவர்களைக் கெஞ்சி இறக்கிவிட்டு, அவளை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். தாயையும் பிள்ளையையும் திரும்ப லயத்து வாசல் வரை கொண்டுவந்து விட்டதும் அவர்தான். அந்தப் பிள்ளை கிருஷாந்தி இப்போது டீச்சர்.

அம்மாக்கண்ணுவின் குரல் தணிந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை. “அதுக்காக எங்க காணியெல்லாம் போகணுமா, பூரணி?”

பூசாரி சூடத்தை ஏற்றினார். “அவரு ஜெயிக்கணும்னுதானேம்மா வேண்டுதல்?”

பூரணி கண்கலங்கக் கைகூப்பினாள்.

“தோக்கணும்னு வேண்டிக்கங்க சாமி. அந்த மேடைய விட்டு எறங்கினாத்தான், எங்க டிரைவர் மாத்தயா எங்களுக்குத் திரும்பக் கெடைப்பாரு.”