ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது

‘டங்!’ என்று மேசையில் வந்து விழுந்த சைக்கிள் ஃப்ரேமைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய டைட்டானியம் ஃப்ரேம். ஊரிலேயே ஒன்றுதான், கடைக்கு வழக்கமாக வரும் புரொஃபசருடையது. கொண்டு வந்ததோ முன்பின் பார்த்திராத ஒரு பெண்.

“இதுல ஒரு கீறல்கூட இருக்கக் கூடாதுங்க. புத்தம் புதுசா தெரியணும்.”

“டைட்டானியத்துக்குப் பெயின்ட் கிடையாதும்மா. ஸ்கிரப்பர் வெச்சு ஒரே வாக்குல தேய்ச்சா கீறல் போயிடும். ஆமா, யாரோட சைக்கிள் இது?”

“எங்க வீட்டுதுதான். சாயங்காலத்துக்குள்ள முடியுமா?”

மெக்கானிக்குக்குப் பொறி தட்டியது. ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு மலைப்பாதையின் கதை சொல்லுவார் புரொஃபசர். ஒன்றைக்கூடத் தேய்க்க விடமாட்டார். ஆறு மாதமாக ஆளையே காணோம். திருட்டுச் சைக்கிளின் அடையாளத்தை அழிக்க என் கடைதான் கிடைத்ததா?

“ஸ்கிரப்பர் உள்ள இருக்கு, எடுத்துட்டு வரேன்” என்று நழுவியவர், புரொஃபசரின் நம்பரை அழுத்தினார்.

மணி அந்தப் பெண்ணின் கைப்பைக்குள் அடித்தது.

“அடிப்பாவி!” என்று பாய்ந்து வந்தார். “சைக்கிளோட சேர்த்து மனுஷன் போனையும் அமுக்கிட்டியா?”

அவள் பதறவில்லை. போனை எடுத்து அணைத்தாள்.

“நான் அவர் பொண்ணுங்க. அப்பாவுக்கு மறதி நோய். இத வாங்கின நாள் மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருக்கு. ‘என் புது சைக்கிளத் திருடிட்டு, எவனோ இந்தப் பழச வெச்சிட்டுப் போயிட்டான்’னு தினமும் அழறார்.”