ஜெயரூபனின் சனிக்கிழமை மணித்தியாலம்

"எட்டு" என்று கொப்பியில் எழுதிவிட்டுப் பேனையை மேசையில் வைத்தான் ஜெயரூபன்.

கேதீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன கிழமையும் எட்டு. அதற்கு முந்தின கிழமையும் எட்டு. முதல் இரண்டு மாதத்தில் மூன்றுக்கு இறங்கின வலி, ஒன்பதாம் கிழமை ஒரே பாய்ச்சலாக எட்டில் ஏறிக் குந்தியது. இன்றைக்குப் பதினாறாவது கிழமை. இறங்குகிற எண்ணமே அதற்கு இல்லை.

போர் முடிந்து மூன்று வருடம். இயக்கத்தில் இருந்து காயப்பட்டு, தீராத வலியோடு வாழ்கிறவர்களுக்காகக் குருக்கள்மடம் மாதர் சங்கக் கட்டடத்தில் ஒரு கணினி வைத்திருந்தார்கள். லண்டனில் இருந்து டொக்டர் றொசானி வீடியோவில் வருவார். ஊசி மருந்து இல்லை. வலியை வைத்துக்கொண்டே எப்படி நடப்பது, எப்படித் தூங்குவது, மனதை எப்படி ஆற்றுவது என்று கதைத்துக் கதைத்தே பழக்கிவிடுவார். ஆளுக்குக் கிழமைக்கு ஒரு மணித்தியாலம், மொத்தம் பன்னிரண்டு கிழமை. உள்ளே போகுமுன், அன்றைய வலி பத்துக்கு எத்தனை என்று கொப்பியில் எழுத வேண்டும்.

கொப்பிக்கும் அறைச் சாவிக்கும் கேதீஸ்வரிதான் பொறுப்பு. "கேதீஸ் அக்காட வாயில பொய் வராது" என்று ஊரில் ஒரு பேச்சு. அதைக் கேட்கக் கேட்க அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். இருக்கட்டுமே, பாடுபட்டுத் தேடின பெருமை.

எல்லோரும் பன்னிரண்டு கிழமையில் முடித்துக்கொண்டு போனார்கள். இவன் மட்டும் கதிரையை விடுவதாக இல்லை. டொக்டரும், "அவருக்கு இன்னும் தேவை" என்று நீட்டிக்கொண்டே போகிறார்.

வெளி வாங்கில் வினாயகமூர்த்தி ஊன்றுகோலோடு குந்தியிருந்தார். இல்லாத காலில்தான் அவருக்கு வலி. அடுத்த இடம் அவருக்கு. இரண்டு மாதமாகக் காத்திருக்கிறார்.

"விடியக்காலம என்ட ரெண்டு கண்ணாலயும் பார்த்தன் தங்கச்சி" என்று அவர் சற்றுமுன்தான் சொல்லியிருந்தார். "தோணியில எழும்பி நிண்டு வலை வீசுறான். முதுகு நோகிறவன் வீசுற வீச்சா அது?"

கேதீஸ்வரி ஜெயரூபனை மறித்தாள்.

"தம்பி, காலையில வலை வீசினயாம்?"

"ஓம் அக்கா."

"எட்டு வலியோடயா?"

அவன் உள்ளே போகக் காலை எடுத்து வைத்தான்.

"வெளியில ஒரு மனிசன் ரெண்டு மாசமாக் காத்துக்கிட்டு இரிக்கார். உனக்கு வெட்கமா இல்லயா?"

"இன்னும் நாலு கிழமை தாங்க அக்கா. பிறகு என்ட பேர நீங்களே வெட்டுங்க."

"நாலு கிழமையா? இஞ்ச பாரு. என்ட சொந்தத் தங்கச்சி வதனிக்கு முதுகு அடிபட்டது சுனாமியில. ஏழு வருசமா நோவு. இது போரில காயப்பட்ட ஆக்களுக்கு மட்டும் எண்டதால அவள்ற பேரக்கூட நான் பதியல்ல. சாவி என்ட கையிலதான் இரிக்கு. நான் களவா உள்ள விட்டனா?"

ஜெயரூபன் திரும்பி அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

டொக்டரோடு ஆள் கதைக்கும்போது யாரும் அறைக்குள் போகக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவளே கேதீஸ்வரிதான். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தாள். அதற்கு மேல் முடியவில்லை. இன்றைக்கு டொக்டரின் முகத்துக்கு நேரே இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று எழுந்து, கதவை மெல்ல நீக்கினாள்.

கணினிக்கு முன்னால் ஜெயரூபன் இல்லை. வாவிப் பக்கத்துப் பின்கதவு திறந்திருந்தது. அவன் வெளிப்படியில் குந்தி, யாரும் வருகிறார்களா என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கதிரையில் இருந்தவள் வதனி.

"இண்டைக்குக் கிணத்தில ஆறு வாளி அள்ளினன் டொக்டர். ஏழாவதும் அள்ளலாம் போல இரிந்திச்சு. ஆனா நீங்க சொன்ன மாதிரி ஆறோட நிப்பாட்டிட்டன். பிறகு மகளையும் தூக்கினன்."

தங்கச்சியின் குரல் அப்படி நிமிர்ந்து நின்று கேதீஸ்வரி கேட்டு எத்தனையோ வருடம். வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"கெட்டிக்காரி" என்றார் திரையில் டொக்டர். "ஜெயரூபன் எட்டாம் கிழமையே தேறிட்டார். பாவம், உங்கட வலியின்ர நம்பரத் தன்ர எண்டு எழுதி, ஊராற்ற பேச்சையும் வாங்கிக்கொண்டு தன்ர நேரத்த உங்களுக்குத் தாறார். இன்னும் நாலு கிழமையில உங்களுக்கும் பன்னிரண்டு முடியும். ஆனா ஒண்டு கேக்கிறன். நீங்களும் இயக்கத்தில இருந்து, செல் குண்டு பட்டு முதுகு உடைஞ்ச ஆள்தானே. ஏன் ஒளிச்சு வரவேணும்? உங்கட பேரிலயே பதிஞ்சிருக்கலாமே?"

கேதீஸ்வரி கதவிடுக்கில் இருந்து ஒரு அடி பின்வாங்கினாள்.

வதனி இலேசாகச் சிரித்தாள்.

"நான் இயக்கத்துக்குப் போனத மறைச்சு, சுனாமியில அடிபட்டது எண்டு சொல்லித்தான் அக்கா என்னக் கல்யாணம் முடிச்சு வச்சா டொக்டர். பொய் சொல்லாத மனிசி எண்டு ஊரே அவவப் பெருமையாச் சொல்லுது. எனக்கும் அது பெருமைதான். நான் பேரப் பதிஞ்சு, அவவ எப்படிப் பொய்க்காரி ஆக்குற?"